இரண்டு ஆணிகளுக்கு நடுவே

இந்த ஊரில் குடிநீருக்கு நிறம் உண்டு. உணவு விடுதியில் இலை போடுவதற்கு முன்பே இளஞ்சிவப்பான வெதுவெதுப்பான நீரைக் குவளையில் ஊற்றி வைத்துவிடுவார்கள். பதிமுகம் என்னும் மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த நீர் அது. திருநெல்வேலியிலிருந்து முதன்முறையாக வந்த என் அண்ணன், குவளையைக் கழுவாமல் கொடுத்துவிட்டதாக எண்ணிப் பரிமாறியவரோடு சண்டைக்குப் போனார். எங்களுக்கு அது பழகிப்போய் நெடுங்காலம் ஆகிறது. ஊரிலிருந்து வருபவர்களின் முகத்தைப் பார்த்த பிறகே அந்த நிறம் எங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு கார்த்திகை மாதத்துக்குப் பின் என் கணவர் அந்த நீரைத் தொடுவதை நிறுத்திவிட்டார். எங்கே உண்ண அமர்ந்தாலும் வெறும் நீர் கேட்பார். ஏன் என்று பரிமாறுபவர் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

காரணத்தை அவர் எனக்குச் சொன்னதே பல மாதங்கள் கழித்துத்தான். மருத்துவமனையில் நான் நினைவு தப்பிக் கிடந்த அன்று என் முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்திருக்கிறார்கள். மருத்துவர் அந்தக் கண்ணாடிக் குழலைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, “இது தெளிஞ்ச வெள்ளம் போலெ இருக்கணும். இப்போ கண்டோ?” என்று கேட்டாராம். தெளிந்த நீர்போல் இருக்க வேண்டிய அதன் உள்ளே இருந்தது பதிமுகத்தின் நிறம். மூளையைச் சுற்றியுள்ள நீரில் குருதி கலந்திருந்தது.

நான் கிழக்கேகோட்டைக்கு அருகே ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருப்போரின் பிள்ளைகளும், உணவு விடுதிகளில் உழைப்போரின் பிள்ளைகளும் என் வகுப்பில் இருப்பார்கள். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி, தேர்வுத்தாளில் இரண்டையும் கலந்து எழுதுபவர்கள். அன்று கரும்பலகையில் வேற்றுமை உருபுகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வேற்றுமைக்கு வந்தபோது பிடரியில் யாரோ கனத்த கதவொன்றை அறைந்து சாத்தியதுபோல் இருந்தது. அதன்பின் என் நினைவில் இருப்பவை மருத்துவமனைக் கூரையின் விளக்கும், மழிக்கப்பட்ட தலையைத் தொட்ட என் விரல்களும்தான். இடப்புறத்தில் வெடித்த நாளத்தைத் திறந்து, அதன் கழுத்தில் ஓர் உலோகக் கவ்வியைப் போட்டு மூடியிருந்தார்கள். பிழைத்தேன். பேச்சும் பிழைத்தது. ஆனால் விடைகொடுக்கும் நாளில் மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். வலப்புறத்தில் மற்றொரு புடைப்பு இருக்கிறது, மிகச் சிறியது, இப்போது தொடவேண்டியதில்லை. “ஒரு கொல்லம் கழிஞ்சு ஒரு ஆஞ்சியோகிராம் கூடி எடுக்கணும். வளருதோன்னு பார்க்கணுமல்லோ.” ஓராண்டு கழித்து வந்தால் போதும் என்பதை நற்செய்தி போலவே சொன்னார்.

ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரை நான் வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அன்யூரிசம். அயலூர்ப் பெயர் கொண்ட ஒன்று என் தலைக்குள் குடியிருப்பது பொறுக்கவில்லை. குருதிநாளப் புடைப்பு என்று பெயர்த்தேன். நீளம் மிகுதி என்று தோன்றவே, நாளமொட்டு என்று சுருக்கினேன். பொருத்தமான பெயர் கிடைத்துவிட்டால் அச்சம் அடங்கும் என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த நம்பிக்கை. மொட்டு என்று பெயரிட்ட அன்று இரவே அது மலரக்கூடியது என்னும் எண்ணமும் சேர்ந்து வந்தது. மீண்டும் அன்யூரிசத்துக்கே திரும்பினேன்.

எங்கள் வாடகை வீடு ஒரு மாடிப் பகுதி. கீழே வீட்டு உரிமையாளரான ஓமன சேச்சி இருக்கிறார். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். எல்லாவற்றிலும் தாராளமான அவர் சுவர் விஷயத்தில் மட்டும் கறார். நாங்கள் குடிவந்த அன்றே, “சுவரில் ஆணி அடிக்கருது கேட்டோ” என்று தடை போட்டுவிட்டார். நாட்காட்டி மாட்ட வேண்டும் என்று நான் மன்றாடிய பிறகு ஓர் ஆணிக்கு இசைந்தார். பள்ளி விடுமுறைகளைப் பார்க்க மலையாள நாட்காட்டி, ஊர்ச் செய்திகளுக்குத் தமிழ்த் தினத்தாள் நாட்காட்டி என்று இரண்டு வேண்டியிருப்பதை விளக்கியதும் இரண்டாவதையும் அனுமதித்தார். அவரே நின்று இடம் காட்டினார். ஆண்டுதோறும் தை பிறக்கும் முன் அண்ணன் தமிழ் நாட்காட்டியைக் கொண்டுவந்து தருவார். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு வெறும் சுவர் இருக்கும்.

ராகு காலம் பார்த்து வகுப்புக்கு வரத் தயங்கிய மாணவிகளை நான் கேலி செய்ததுண்டு. அறுவைக்குப் பின் அந்தத் தினத்தாளின் அடியிலுள்ள சிற்றெழுத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். சோதனைக்கு உரிய மாதம் நெருங்கியபோது, அது மார்கழி என்பது கண்ணில் பட்டது. மார்கழியில் எதையும் தொடங்குவதில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, இந்த மாதம் இயலாது என்றேன். மறுமுனையில் இருந்த செவிலி, “ஓ, மண்டலகாலமல்லே! சார் மாலையிட்டிருக்குதோ? அப்போ கூட்டிருப்புக்கு ஆளில்ல, இல்லே?” என்று தாமே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இங்கே நோயாளியோடு உடன் தங்க ஒருவர் வராமல் எந்தச் சோதனைக்கும் சேர்க்கமாட்டார்கள். கூட்டிருப்பு என்று அதற்குப் பெயர். என் கணவர் சபரிமலைக்கு மாலையிட்டு விரதம் இருப்பதாக அவர் எண்ணிக்கொண்டார். என் கணவர் கோவில் வாசலில் செருப்புக்குக் காவலாக நிற்பதோடு தம் பக்தியை நிறுத்திக்கொள்பவர். நான் மறுக்கவில்லை. “சாமி சரணம்” என்று கனிவோடு சொல்லி வைத்துவிட்டார் அந்தப் பெண்.

தை வந்தது, பொங்கலும் வந்தது. அதற்குப் பின் மலையாள நாட்காட்டி எனக்கு உதவியது. மாசியில், இவர்களின் கும்ப மாதத்தில், நகரம் முழுவதும் பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டிப் பொங்காலையிடும் நாள். சாலைகள் அடைபடும், ஊர்தி ஓடாது. பங்குனியில் பள்ளித் தேர்வு. சித்திரையில் இரண்டு ஆண்டுப் பிறப்புகள்: நம்முடையது ஒன்று, இவர்களுடைய விஷு ஒன்று. நல்ல நாளில் மருத்துவமனைக்குப் போகலாமா? பிறகு கத்திரி வெயில். பிறகு பள்ளி திறப்பு. ஒரு நாட்காட்டி கைவிட்ட வாரங்களை மற்றது காத்தது. ஒரே ஊரில் பிறந்து அங்கேயே வாழ்பவருக்கு ஒரு பஞ்சாங்கத்தின் கெட்ட நாள்களே கிடைக்கும். எல்லை கடந்து வந்த எனக்கு இரண்டு நாட்டின் கெட்ட நாள்களும் கைவசம் இருந்தன.

என் கணவர் தம்பானூர் தொடர்வண்டி நிலையத்தில் முன்பதிவுச் சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர். நாள் என்பது அவருக்கு இடம் இருக்கும் நாள், இடம் இல்லாத நாள் என்று இரண்டே வகை. “ஏட்டி, நீ தமிழ் டீச்சரா, சோசியக்காரியா?” என்பார். “ராகு காலத்துல பொறப்புடுத வண்டியில இருந்து ஒருத்தனாவது எறங்கிட்டான்னு சொல்லு பாப்போம். வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கவன்லாம் எமகண்டத்துல கெடைச்சாலும் போதும்னு நிக்கான்.” நான் சிரிக்காவிட்டால் அதற்கு மேல் வற்புறுத்தமாட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சன்னலருகே போய் நிற்பார். கண்ணாடிக் குழலை அவர் பார்த்திருந்தார். நான் பார்த்ததில்லை. எங்கள் இருவரின் அச்சமும் ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் இருந்தன.

மகள் கயல் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிறுதோறும் வருவாள். “அம்மா, எத்தர தடவதான் டேட் மாத்தும்? ஆஸ்பத்திரியில அவங்களுக்கே மடுத்திருக்கும்” என்றாள் ஒருநாள்.

“மடுத்திருக்கும் என்று தமிழில் சொல்வதில்லை. சலித்திருக்கும்.”

“சரி, சலிச்சிருக்கும். போவீங்களா மாட்டீங்களா?”

“எத்தர என்பதும் தமிழ் அன்று.”

“அம்மா! பேச்ச மாத்தாதீங்கம்மா” என்றாள். குரல் உடைந்திருந்தது. அவள் பேச்சில் அன்று நான் திருத்தாமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

அச்சம் எத்தகையது என்பதை அதை அறியாதவர்க்கு விளக்குவது கடினம். அது வலியன்று, வலியை எதிர்பார்த்து எப்போதும் ஒரு காதைத் திறந்துவைத்திருப்பது. தலையணையில் வலக் காதைப் பதித்தால் நாடித் துடிப்பு கேட்கும். உடனே இடப்பக்கம் புரள்வேன். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். நீர் நிறைந்த வாளியைத் தூக்கமாட்டேன். குனிந்து கோலம் போடுவதை விட்டுவிட்டேன். கோட்டைக்கு அருகே உள்ள பிள்ளையார் கோவிலில் நாள் முழுவதும் சிதறுகாய் உடைப்பார்கள். அந்த ஓசையைக் கேட்கும்போதெல்லாம் என் கை தானாகத் தலைக்குப் போகும். பள்ளிக்கு அந்த வழியே செல்வதை விட்டுச் சுற்றிப் போகத் தொடங்கினேன். வகுப்பில் ஒரு சொல் உடனே நாவுக்கு வராவிட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு, என் வீட்டு எண், மகளின் பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். எல்லாம் இருக்கும். மறந்த சொல்லும் சற்று நேரத்தில் வரும். மாணவர்கள் நான் சிந்தனையில் ஆழ்ந்திருப்பதாக நினைப்பார்கள்.

இப்படியே ஆடி பிறந்தது. ஊரில் ஆடி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் பார்க்கமாட்டோம், வீடு மாறமாட்டோம், புதிதாக எதையும் தொடங்கமாட்டோம். இங்கே அதே மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பெயர். இவர்களும் அதில் மங்கலச் செயல்களைச் செய்வதில்லை. ஓயாத மழை, மாலையில் வீடுதோறும் இராமாயணம் படிக்கும் குரல். ஆகவே இரண்டு நாட்காட்டிகளும் ஒருசேர என் பக்கம் நிற்கும் மாதம் இது என்று நிம்மதியடைந்தேன். குறைந்தது ஆவணி வரைக்கும் என்னை யாரும் அசைக்க முடியாது.

அந்த முதல் வாரத்தில் ஒரு மாலை, ஓமன சேச்சி மூடி போட்ட பாத்திரத்தோடு மெல்லப் படியேறி வந்தார். கறுத்துக் குழைந்த கஞ்சி. பச்சிலையும் வெந்தயமும் மணத்தன.

“கர்க்கடகக் கஞ்சியாணு டீச்சரே. கசப்பு கொஞ்சம் உண்டு, முகம் சுளிக்காமக் குடிக்கணும். ஞான் நாளை தொட்டு ஏழு திவசம் உழிச்சிலுக்குப் போகுது. முட்டு ரெண்டும் பணிமுடக்கு” என்று, வேலைநிறுத்தம் செய்யும் தம் முழங்கால்களைத் தட்டிக் காட்டினார். ஏழு நாள் எண்ணெய் தேய்த்து உடலை நீவும் சிகிச்சையைத்தான் உழிச்சில் என்றார்.

“ஆடியிலா சேச்சி? இந்த மாதத்தில் யாராவது மருத்துவம் தொடங்குவார்களா?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். “பின்னெ எப்போ? கர்க்கடகத்திலல்லே சிகில்சை! கல்யாணம் வேண்டா, வீடுமாற்றம் வேண்டா. சரீரத்தெ மாத்திரம் நோக்கு, அதுக்குள்ள மாசம் இது. மருந்து இப்போ கொடுத்தா எலும்பு வரெ பிடிக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “டீச்சரின்றெ அந்த டெஸ்ட் எந்தாயி?” என்றார்.

ஆவணியில் போகலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னேன். என் பார்வை என்னையறியாமல் சுவருக்குப் போயிருக்க வேண்டும். அவரும் திரும்பி இரண்டு நாட்காட்டிகளையும் பார்த்தார். தமிழ்த் தாளில் ஒரு நாளின் மேல் நான் இட்டிருந்த சிறு பெருக்கல் குறியையும், மலையாள நாட்காட்டியில் கட்டம் கட்டமாக இட்டிருந்த குறிகளையும் பார்த்தார். அருகே போய் விரலால் தடவினார்.

“ஞான் ரெண்டு ஆணி தந்தது, டீச்சர் ரெண்டு நாட்டிலயும் நல்ல நாள் பார்த்தோட்டேன்னு. டீச்சர் ரெண்டிலயும் சீத்த நாளல்லே தெரயுது!” என்றார். நான் இரண்டிலும் கெட்ட நாளையே தேடுகிறேனாம். வாய் சிரித்தது, கண்கள் சிரிக்கவில்லை. “பேடியாணோ?”

அச்சமா என்று கேட்டார். அத்தனை மாதங்களில் யாரும் என்னிடம் அதை நேராகக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. இம்முறை அது மறதியன்று என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஊசியோ கம்பியோ நான் அஞ்சிய பொருள் அல்ல. பார்க்காதவரைக்கும் அது மருத்துவர் கடைசியாகச் சொன்ன அளவிலேயே, மிகச் சிறியதாக, இருந்துகொண்டிருக்கும். பார்த்துவிட்டால் அதற்கு ஓர் உண்மையான அளவு வந்துவிடும். இதைத் தமிழிலும் மலையாளத்திலுமாக அவரிடம் எப்படிச் சொன்னேனோ, சொன்னேன். கதவருகே என் கணவர் பணியிலிருந்து திரும்பிக் குடையோடு நின்றிருந்ததை முடித்த பிறகே கவனித்தேன். அவர் குடையை மடக்கவில்லை. நீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நானும் அதையேதாம்மா நெனச்சிட்டு இருந்தேன்” என்றார். அவர் என்னை ஏட்டி என்று விளிக்காத அரிய தருணம் அது.

“அப்போ இந்தக் கர்க்கடகத்தில் தன்னெ போகணும்” என்று முடிவு கட்டினார் சேச்சி. “கஞ்சி ஆறும் முன்னெ குடிக்கணும்.”

அந்த வாரமே போனோம். அடைமழை. சேர்க்கைப் பிரிவில் இருந்த செவிலியின் குரலைக் கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர் என் பெயரைப் பார்த்ததும் மலர்ந்த முகத்தோடு என் கணவரிடம், “சாமி, மலை கழிஞ்சு வந்தோ? தரிசனம் நன்னாயிருந்நோ?” என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மங்களூர் வண்டிக்கு இருக்கை இல்லை என்பதைச் சொல்லும் அதே அமைதியோடு அவர், “கூட்டம் ஜாஸ்தி சிஸ்டர். ஆனா நல்லா இருந்தது” என்றார். அந்த அம்மாள் கைகூப்பினார். நடைவழியில் என் பக்கம் குனிந்து, “எந்த மலைக்கு ஏட்டி நான் போயிட்டு வந்தேன்?” என்றபோது, எத்தனையோ நாள்களுக்குப் பிறகு, தலையில் என்ன ஆகும் என்று எண்ணாமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

சோதனை மேசை குளிர்ந்திருந்தது. தொடையின் மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, அவ்வழியே மெல்லிய குழாய் ஒன்றைக் கழுத்து வரை செலுத்தினார்கள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு குரல், “ஸ்வாசம் பிடிச்சோ… அனங்கருது” என்றது. அசையாமல் மூச்சை அடக்கினேன். சாயம் பாய்ந்த கணத்தில் முகத்தின் ஒரு பாதி தீப்பட்டதுபோல் காய்ந்தது; மூடிய இமைக்குள் மின்னல் வெட்டியது. இதுவே அது, வெடித்துவிட்டது என்று நினைத்தேன். பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாததால், முன்பு கரும்பலகையில் முடிக்காமல் விட்ட பாடத்தைப் பற்றிக்கொண்டேன். ஐ, ஆல், கு. மீண்டும் வெப்பம். இன். அது. கண். ஆறு உருபுகளும் வரிசையாக இருந்தன. “இனி ஸ்வாசம் விட்டோளு” என்றது குரல். கண்ணைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தபோது திரையில் கருநிற ஆறொன்று கிளைத்து ஓடிக்கொண்டிருந்தது. தாமிரபரணியின் வாய்க்கால்களா, இந்த ஊர்க் கரமனையாற்றின் கைகளா என்று சொல்ல முடியாத ஒரு வரைபடம். அதன் வளைவொன்றில் சிறு பொட்டாக அது இருந்தது. நாங்கள் இருவரும் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டோம்.

மாலையில் மருத்துவர் வந்தார். படங்களை விளக்குக்கு முன் பிடித்துப் பழையதையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். “வளர்ந்திட்டில்ல. அவிடெத் தன்னெ உண்டு” என்றார். வளரவில்லை, ஆனால் போய்விடவும் இல்லை. “ரெண்டு கொல்லம் கழிஞ்சு வன்னா மதி.” இரண்டு ஆண்டு கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். கொண்டாட்டமா, தண்டனைக் காலத்தின் நீட்டிப்பா என்று அறியாமல் நாங்கள் மூவரும், மகளும் அதற்குள் வந்திருந்தாள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தொடையில் மணல்மூட்டை அழுத்த, காலை மடக்காமல் நான் கிடந்தேன். சாயம் வெளியேற நிறைய நீர் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உணவகத்திலிருந்து மகள் குடுவையில் வாங்கிவந்த நீரை என் கணவர் குவளையில் ஊற்றினார். இளஞ்சிவப்பு. ஊற்றிய கை நின்றது. அவர் வேறு நீர் வாங்கிவரச் சொல்வார் என்று காத்திருந்தேன். குவளையைச் சன்னல் பக்கம் சற்றுச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு மிடறு தாம் குடித்தார். “சூடு சரியா இருக்கு” என்று என் வாயில் வைத்தார்.

வீடு திரும்பிய மறுநாள், அடுத்த சோதனைக்கான மாதத்தைக் குறித்துவைக்க எண்ணிப் பென்சிலோடு சுவரருகே போனேன். குறிப்பதற்கு இடமில்லை. அந்த ஆண்டின் நாட்காட்டி திருநெல்வேலியிலும் இன்னும் அச்சாகவில்லை, இங்கேயும் அச்சாகவில்லை. அந்த மாதத்தின் நல்ல நாளும் கெட்ட நாளும் எந்தப் பஞ்சாங்கத்திலும் இன்னும் எழுதப்படவில்லை. பிறகு இரண்டு ஆணிகளுக்கும் நடுவே இருந்த வெறும் சுவரில் ஆண்டை எழுதி, பக்கத்தில் ஆடி என்று எழுதினேன்.

உழிச்சில் முடிந்து எண்ணெய் மணக்க வந்த ஓமன சேச்சியின் கண் முதலில் அங்கேதான் போனது. அவருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. சுவரைக் கெடுத்துவிட்டேன், அழித்துவிடுகிறேன் என்று நான் தடுமாற, “எந்தா எழுதியிருக்கு?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பென்சிலைக் கேட்டு வாங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சற்றே எம்பி, என் எழுத்துக்கு நேர் கீழே, உருண்டையான மலையாள எழுத்தில் கர்க்கடகம் என்று எழுதினார்.

“ஓணத்துக்கு முன்னெ வெள்ளையடிக்கணும்னு நினைச்சிருந்தது” என்றார், சுவரைப் பார்த்தபடியே. “இனி டீச்சரின்றெ டெஸ்ட் கழிஞ்சு போதும்.”

ஓணம் வந்து போயிற்று. கீழ்வீடு புத்தொளி பெற்றது. எங்கள் சுவர் மட்டும் பழைய மஞ்சளோடு இருக்கிறது. ஊரிலிருந்து வந்த அண்ணன், சுவரில் கிறுக்கியது யார் என்று கேட்டார். நாள்தோறும் காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது அதைக் கடந்துதான் போகிறேன். சில காலைகளில் மேல் வரி கண்ணில் படுகிறது, சில காலைகளில் கீழ் வரி. பிள்ளையார் கோவில் வழியாகவே இப்போது நடக்கிறேன். தேங்காய் உடையும்போது கை தலைக்குப் போகத்தான் செய்கிறது. எந்தப் பக்கத்தைத் தொடுவது என்று தெரியாமல் நடுவில் நின்று, பிறகு கூந்தலைச் சரிசெய்வதுபோல் இறங்கிவிடுகிறது.